மணிக்கட்டு அசைவைக் காக்கும் அறுவைகள்: எது யாருக்கு உதவும், எது எங்கே சறுக்கும்

மணிக்கட்டு தேய்ந்து போனவர்களும் முடக்குவாதத்தில் அரித்துப் போனவர்களும் அறுவை பற்றி விசாரிக்கும்போது முதலில் கேட்பது, "பழையபடி மடங்குமா?" மடங்காது. இன்று செய்யப்படும் எந்த அறுவையும் பழைய அசைவை முழுதாகத் திருப்பித் தருவதில்லை. வலியில்லாமல் எத்தனை டிகிரி மிஞ்சும், அது எந்தத் திசையில் மிஞ்சும், எத்தனை வருடம் தாங்கும் என்ற மூன்றையும் வைத்துத்தான் கீழே ஒவ்வொன்றையும் எடைபோட்டிருக்கிறோம்.

நலமான மணிக்கட்டு பின்புறம் சுமார் 70 டிகிரி சாயும். உள்ளங்கைப் பக்கம் சுமார் 80 டிகிரி மடங்கும். அன்றாட வேலைக்கு இவ்வளவும் தேவைப்படுவதில்லை. 1985-இல் பாமர் குழுவினர் அளந்து பார்த்தபோது, பெரும்பாலான வேலைகள் 30 டிகிரி பின்சாய்விலும் வெறும் 5 டிகிரி உள்மடக்கிலும் முடிந்துவிட்டன. 1991-இல் ரியூ குழுவினர் இன்னும் தாராளமாகக் கணக்குப் போட்டு, இரண்டு பக்கமும் 40 டிகிரி இருந்தால் ஏறக்குறைய எல்லா வேலையும் நடக்கும் என்றார்கள். அசைவைக் காக்கும் அறுவைகள் எல்லாமே இந்த இரண்டு கணக்குகளுக்கும் இடைப்பட்ட எல்லைக்குள்தான் கொண்டுபோய் நிறுத்துகின்றன. நாற்காலியின் கையை ஊன்றி எழுவதற்குப் பின்சாய்வு வேண்டும். கழுத்துப் பொத்தான் போடவும் கழிப்பறையில் சுத்தம் செய்துகொள்ளவும் உள்மடக்கு வேண்டும். இரண்டு மணிக்கட்டும் கெட்டிருந்தால் இந்தக் கடைசி வேலையைப் பற்றி வெட்கப்படாமல் டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது. எந்தக் கையில் அசைவை விட்டுவைப்பது என்பதை முடிவு செய்வது பல நேரம் அதுதான்.

பிழைத்திருக்கும் மூட்டு எது?

மணிக்கட்டு ஒரே மூட்டு இல்லை. முன்கையின் கட்டைவிரல் பக்க எலும்பு ரேடியஸ். அதற்கு அப்பால் எட்டுச் சிறு எலும்புகள் இரண்டு வரிசையாக இருக்கின்றன. ரேடியஸுக்கும் முதல் வரிசைக்கும் நடுவில் ஒரு மூட்டு, இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் இன்னொரு மூட்டு. மடக்கலும் சாய்த்தலும் இந்த இரண்டுக்கும் பங்கு போட்டுத்தான் நடக்கின்றன. சுத்தியல் அடிப்பது, குடத்தைச் சாய்த்து நீர் ஊற்றுவது, எறிவது போன்ற சாய்வாட்டமான வேலைகளில் பெரும்பங்கு இரண்டாவது மூட்டுக்கு.

நோய் எந்த வழியாக வந்தது என்பதைப் பொறுத்து எந்த மூட்டு தப்பும் என்பது மாறும். பழைய காயத்தில், முதல் வரிசையிலுள்ள ஸ்கேஃபாய்டு எலும்புக்கும் லூனேட் எலும்புக்கும் இடையிலுள்ள லிகமென்ட் (எலும்பை எலும்போடு பிணைக்கும் நார்) அறுந்தோ, ஸ்கேஃபாய்டு முறிவு கூடாமலோ போயிருந்தால், தேய்மானம் ஒரு ஒழுங்கில் நகர்கிறது. முதலில் ரேடியஸின் கட்டைவிரல் பக்க முனை, பிறகு ரேடியஸுக்கும் ஸ்கேஃபாய்டுக்கும் இடைப்பட்ட முகம் முழுதும், அதற்குப் பிறகு இரண்டாம் வரிசையின் நடு எலும்பான கேப்பிடேட்டும் லூனேட்டும் சேரும் இடம். இவ்வளவு நடந்த பிறகும் ரேடியஸுக்கும் லூனேட்டுக்கும் நடுவிலுள்ள குருத்தெலும்பு பெரும்பாலும் பளபளவென்று இருக்கும். முடக்குவாதத்தில் கதை தலைகீழ். ரேடியஸை ஒட்டிய முதல் மூட்டு சீக்கிரம் போய்விடும், வரிசைகளுக்கு நடுவிலுள்ள மூட்டு கொஞ்ச காலம் தாங்கும். ஆகவே ஒருவருக்கு எதைக் காப்பாற்றுகிறோமோ, அதையே இன்னொருவருக்கு எலும்போடு எலும்பாக ஒட்டவைக்கிறோம். "பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்ததையே எனக்கும் செய்யுங்கள்" என்று கேட்டால் பொருந்தாமல் போவது இதனால்தான்.

முதல் வரிசையை எடுத்துவிடுவது

காயத்தால் வந்த தேய்மானத்துக்கு எங்கள் முதல் மதிப்பெண் இந்த எளிய அறுவைக்குத்தான். முதல் வரிசையின் ஸ்கேஃபாய்டு, லூனேட், ட்ரைக்வெட்ரம் மூன்றையும் எடுத்துவிட்டால், கேப்பிடேட்டின் உருண்டைத் தலை கீழிறங்கி, லூனேட் உட்கார்ந்திருந்த ரேடியஸ் குழியில் அமர்ந்துகொள்கிறது. பிளேட் இல்லை, திருகு இல்லை, எலும்பு கூடுமா கூடாதா என்ற காத்திருப்பும் இல்லை. மடக்கலும் சாய்த்தலும் சேர்த்து 70 முதல் 80 டிகிரி வரை எதிர்பார்க்கலாம். பிடிவலிமை மற்றக் கையின் முக்கால்வாசி அளவுக்கு வரும். ஆனால் அதற்கு ஒரு வருடம்கூட ஆகலாம். கையின் உயரம் குறைந்து தசைநாண்கள் தளர்ந்துவிடுவதால் முதல் சில மாதங்கள் பிடி மெத்தென்று இருக்கும். இதைச் சொல்லிவைக்காத இடங்களில் நோயாளிகள் மூன்றாவது மாதமே அறுவை தோற்றுவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

முடிவெடுக்கும் தருணம் அறுவை மேசையில்தான் வருகிறது. மூட்டுறையைத் திறந்ததும் லூனேட்டைச் சற்று விலக்கி, கேப்பிடேட்டின் தலையை நேரில் பார்க்க வேண்டும். முட்டை ஓடுபோல வெள்ளையாக வழுவழுப்பாக இருந்தால் தொடரலாம். குருத்தெலும்பு உரிந்து மஞ்சளாக எலும்பு தெரிந்தால் வேறு வழிக்குத் திரும்ப வேண்டும். கொஞ்சம்தான் தேய்ந்திருக்கிறது என்றால் மூட்டுறையின் மேல் மடலை இடையில் மெத்தையாக வைத்துத் தைக்கலாம். எக்ஸ்ரேயில் இந்த வேறுபாடு பல நேரம் தெரியாது. அதனால் ஒப்புதல் படிவத்திலேயே இரண்டு அறுவைகளும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று மட்டும் எழுதியிருந்தால், திறந்த பிறகு தேய்மானம் தெரிந்தால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள்.

தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. ஸ்கேஃபாய்டைக் கிள்ளிக் கிள்ளி எடுக்கும்போது, ரேடியஸிலிருந்து கேப்பிடேட்டுக்குச் செல்லும் உள்ளங்கைப் பக்க லிகமென்ட்டை வெட்டிவிட்டால் கை சுண்டுவிரல் பக்கமாக வழுக்கிவிடும். மூன்று எலும்பும் போன பிறகு கையைக் கட்டைவிரல் பக்கம் சாய்த்துப் பார்க்காமல் மூடிவிட்டால், ரேடியஸ் முனை, கட்டைவிரலின் அடியிலுள்ள ட்ரபீசியம் எலும்பில் இடித்துக்கொண்டே இருக்கும். முனையைக் கொஞ்சம் சீவலாம். 4 மில்லிமீட்டருக்கு மேல் போனால் முன்சொன்ன லிகமென்ட்டின் வேரையே பிடுங்கியதாகிவிடும்.

கேப்பிடேட் தலையின் வளைவும் ரேடியஸ் குழியின் வளைவும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. தலை சிறியது, குழி அகலமானது. அதனால் வருடங்கள் போகப்போக எக்ஸ்ரேயில் இடைவெளி குறைவதைப் பார்க்கலாம். படம் மோசமாக இருந்தும் வலி இல்லாதவர்கள் நிறைய. ஆனால் 35 வயதுக்குக் கீழே, கடும் உடலுழைப்பில் இருப்பவர்களுக்கு இது சீக்கிரம் தேய்ந்துவிடும் வாய்ப்பு அதிகம். முடக்குவாதத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். நோய் தொடர்வதால் மிஞ்சிய ஒற்றை மூட்டும் அரித்துவிடும்.

நான்கு எலும்பு ஒட்டல்

கேப்பிடேட்டின் தலை போய்விட்டது, ஆனால் லூனேட்டின் அடி நன்றாக இருக்கிறது என்றால் இது. ஸ்கேஃபாய்டை எடுத்துவிட்டு லூனேட், கேப்பிடேட், அதன் சுண்டுவிரல் பக்கத்து ஹேமேட், ட்ரைக்வெட்ரம் நான்கையும் ஒரே கட்டியாக ஒட்டவைக்கிறார்கள். அசைவு முழுதும் ரேடியஸுக்கும் லூனேட்டுக்கும் நடுவில் நடக்கும். கையின் உயரம் குறையாததால் பிடி சற்றுக் கூடுதலாக இருக்கலாம், அசைவு முன்னதைவிடச் சற்றுக் குறையலாம், வேறுபாடு பெரிதில்லை.

இதில் பாதி வெற்றி லூனேட்டை நிமிர்த்துவதில் இருக்கிறது. பழைய காயத்தில் லூனேட் பின்பக்கமாகக் கவிழ்ந்து நிற்கும். அதை அப்படியே விட்டு ஒட்டினால், கையைப் பின்சாய்க்கும்போது கேப்பிடேட் ரேடியஸ் விளிம்பில் முட்டும். பின்சாய்வு அங்கேயே நின்றுவிடும். கம்பியை நெம்புகோலாகக் குத்தி லூனேட்டை நேராக்கி, ரேடியஸோடு தற்காலிகமாகப் பிடித்துவைத்துவிட்டுத்தான் மற்ற எலும்புகளைச் சேர்க்க வேண்டும். ஒட்டும் முகங்களில் குருத்தெலும்பைச் சுரண்டி, இரத்தம் கசியும் எலும்பு தெரியும் வரை போக வேண்டும். எடுத்த ஸ்கேஃபாய்டின் உள்எலும்பையே நொறுக்கி இடையில் நிரப்பலாம். போதாவிட்டால் ரேடியஸ் நுனியிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

தலையில்லாத அமுக்கத் திருகுகள் இப்போது நன்றாக வேலை செய்கின்றன. வட்ட வடிவ பிளேட்டைப் பற்றி எச்சரிக்கை தேவை: முதல் தலைமுறை வட்ட பிளேட்டுகளில் எலும்பு கூடாமல் போனது அதிகம். பிளேட் எலும்பு மட்டத்துக்குக் கீழே புதையாவிட்டால் அது ரேடியஸில் இடிக்கும். புகைபிடிப்பவர்களுக்கு எலும்பு கூடாத ஆபத்து தெளிவாகவே அதிகம். நிறுத்தாமல் இந்த அறுவைக்குப் போவதைவிடச் சற்றுத் தள்ளிப்போடலாம். ஒட்டிவிட்டதா என்பதைச் சாதாரண எக்ஸ்ரேயில் நம்ப முடியாது, நான்கு எலும்பும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன் எடுத்த பிறகே பாரம் தூக்க அனுமதி வாங்குங்கள்.

முடக்குவாதத்துக்கு ரேடியஸ் பக்க ஒட்டல்

முடக்குவாதத்தில் மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக மெல்ல நழுவும். லூனேட்டை மட்டும் இழுத்துவந்து ரேடியஸோடு ஒட்டி நழுவலை நிறுத்தும் முறையை 1983-இல் ஷமே குழுவினர் எழுதினார்கள். ஸ்கேஃபாய்டின் முகமும் போயிருந்தால் இரண்டையும் சேர்த்து ஒட்டுகிறார்கள். அப்போது ஒரு சிக்கல் வரும்: ஸ்கேஃபாய்டு இரண்டு வரிசைகளையும் குறுக்கே தாழ்ப்பாள்போல இணைத்து நிற்பதால், அதன் அடி ரேடியஸில் ஒட்டியதும் அடுத்த மூட்டும் இறுகிவிடுகிறது. ஸ்கேஃபாய்டின் விரல் பக்க நுனியை வெட்டி எடுத்தால் தாழ்ப்பாள் திறக்கும். 2005-இல் கார்சியா எலியாஸ் குழுவினர் காட்டிய இந்தச் சிறு கூடுதல் வேலை, உள்மடக்கையும் கட்டைவிரல் பக்கச் சாய்வையும் கணிசமாகக் கூட்டுகிறது. நெம்புகை குறைவதால் ஒட்டலும் எளிதில் கூடுகிறது. நுனியை எடுக்காமல் ஒட்டுவதற்கு இன்று நல்ல காரணம் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை.

இந்த அறுவையின் கூடுதல் நன்மை, மிஞ்சும் அசைவு, சுத்தியல் அடிப்பதற்கும் நீர் ஊற்றுவதற்கும் வேண்டிய அந்தச் சாய்வாட்டமான திசையில் வருவது. அளவுகோலில் டிகிரி குறைவாகத் தெரிந்தாலும் கையாளும்போது வசதியாக இருக்கும்.

செயற்கை மூட்டு

பலரும் ஆசைப்படுவதும், நாங்கள் மிகத் தயங்கிப் பரிந்துரைப்பதும் இதைத்தான். தெமிஸ்டொக்ளெஸ் க்ளுக் 1890-லேயே தந்தத்தில் மணிக்கட்டு செய்து பொருத்தினார். 1967-இல் ஸ்வான்சன் கொண்டுவந்த சிலிக்கோன் மூட்டு வெகுகாலம் புழங்கியது. ஆனால் மணிக்கட்டில் அது உடைந்தது. துகள் உதிர்ந்து சுற்றியுள்ள எலும்பையும் மூட்டுறையையும் புண்ணாக்கியது. விரல் மொளிகளில் சிலிக்கோன் இன்னும் பயன்படுகிறது, மணிக்கட்டில் ஏறக்குறைய கைவிடப்பட்டுவிட்டது.

இப்போதுள்ளவை இரண்டு குடும்பம். யுனிவர்சல் 2, ரீமோஷன் போன்றவற்றில் ரேடியஸ் பக்கம் குழிந்த உலோகம், கைப்பக்கம் முட்டை வடிவப் பாலிஎத்திலீன் (கெட்டி பிளாஸ்டிக்). கைப்பக்கத் தகட்டின் நடு முளை கேப்பிடேட்டுக்குள் இறங்கும், இரு பக்கமும் திருகு. மோடெக் என்பது பந்தும் கிண்ணமும். இரு முனையிலும் பெரிய திருகு எலும்புக்குள் ஏறி நிற்கும். பின்னாளில் தோற்றால் அந்தத் திருகுகளை அப்படியே விட்டு நடுவில் தண்டு மாட்டி மூட்டை அசையாதபடி இறுக்கிவிட வழி இருக்கிறது. வாங்கும்போதே திரும்பும் பாதையையும் யோசித்திருக்கிறார்கள் என்பதால் இந்த அம்சம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

அறுவையில் வெட்டு மணிக்கட்டின் மேல்புறம், நடுவிரல் எலும்புக்கு நேராக. கட்டைவிரலை நிமிர்த்தும் தசைநாணை விலக்கி, மேல்புற வலிநரம்பை வெட்டி, மூட்டுறையைக் கைப்பக்கம் அடிவைத்த மடலாகத் தூக்குகிறார்கள். முடிவில் இதே மடல்தான் மூட்டை மூட வேண்டும், கிழித்துவிட்டால் பிறகு தவிப்பு. கேப்பிடேட் தலை மட்டத்தில் கைப்பக்க எலும்புகளைச் சீவி, ரேடியஸ் நுனியையும் கருவி வைத்துச் சீவி, சோதனை உறுப்புகளைப் பொருத்திப் பார்க்கிறார்கள். இரு பக்கமும் சுமார் 35 டிகிரி தடையில்லாமல் போக வேண்டும். பாலிஎத்திலீன் தடிமன் கூடினால் பின்சாய்வு வராது. குறைந்தால் மூட்டு நழுவும்.

கைப்பக்கத் திருகுகளில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆள்காட்டி விரல் பக்கத் திருகு உள்ளங்கை எலும்பு வரை போகலாம். அங்கே மூட்டு ஏறக்குறைய அசைவதில்லை. ஹேமேட் பக்கத் திருகு அதே தைரியத்தில் மோதிர விரலுக்கான உள்ளங்கை எலும்புக்குள் போய்விட்டால், அசையும் மூட்டைத் தாண்டிவிடுகிறது. ஒவ்வொரு முறை கை மூடும்போதும் திருகு ஆட்டப்பட்டு, சில மாதங்களில் தளர்ந்துவிடும். அறுவைக்குப் பிந்தைய முதல் எக்ஸ்ரேயில் இந்த ஒரு திருகின் நுனி எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தோல்வியின் முதல் காரணம் கைப்பக்க உறுப்பு தளர்வதுதான். பிடிமானம் சிறு எலும்புகளில், சுமையோ கை முழுவதன் நெம்புகை. இடுப்பு, முழங்கால் மாற்றின் ஆயுளை மனதில் வைத்துக்கொண்டு வருபவர்கள் ஏமாந்து போவார்கள். பொருத்திய பின் ஆயுள் முழுக்கக் கட்டுப்பாடு உண்டு: அந்தக் கையால் ஏறத்தாழ 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, கையூன்றி எழக் கூடாது, சுத்தியல், தண்டால் கூடாது. நடைக்கோலையோ வாக்கரையோ சார்ந்து நடப்பவர்களுக்கு இது பொருந்தாது. முன்கையைத் தாங்கும் பலகை பொருத்திய வாக்கருக்கு முன்கூட்டியே மாறியிருந்தால் மட்டும் பேசிப் பார்க்கலாம். கையைப் பின்சாய்க்கும் தசைநாண்கள் அறுந்துபோனவர்களுக்கும், முன்பு அந்த மூட்டில் சீழ் பிடித்தவர்களுக்கும், எலும்பு மிக மெலிந்தவர்களுக்கும் வேண்டாம். சரியான ஆள்: இரண்டு மணிக்கட்டும் போன, மெதுவான வேலை செய்யும், எலும்பு இன்னும் மிஞ்சியிருக்கும் முடக்குவாதக்காரர். ஒரு கையை இறுக்கிவிட்டு மறு கையில் இதைப் பொருத்துவது பழைய யோசனைதான். இன்றும் நன்றாகவே நடக்கிறது.

போவதற்கு முன்

ஒரு மலிவான சோதனை உண்டு. மணிக்கட்டை அசையவிடாத விறைப்பான ஸ்பிளின்ட்டை இரண்டு மூன்று வாரம் பகல் முழுதும் போட்டு வேலை செய்து பாருங்கள். வலி போய், வேலைகளும் பெரும்பாலும் நடந்தால், மூட்டை முழுதாக இறுக்கும் அறுவையே போதுமானதாக இருக்கலாம். அது பலமானது, சுமை தாங்கும், முன்கையைப் புரட்டுவதையும் தடுக்காது. அசைவு நன்றாக இருந்து வலி மட்டும் தொல்லை என்றால், வலிநரம்புக்கு மரப்பு ஊசி போட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். சில மணிநேரமாவது வலி நன்றாக அடங்கினால் நரம்பை மட்டும் வெட்டும் சிறு அறுவை சில வருடங்களை வாங்கித் தரும், பிறகு வேறு எதையும் செய்யத் தடையாகவும் இருக்காது. இதை ஏன் இவ்வளவு குறைவாகச் செய்கிறார்கள் என்பது எங்களுக்குப் புதிர்தான்.

உள்ளங்கையைப் புரட்டும்போது சுண்டுவிரல் பக்கம் வலித்தால் கோளாறு பெரும்பாலும் முன்கையின் சுண்டுவிரல் பக்க எலும்பான அல்னாவின் தலையில் இருக்கும். அதைத் தனியாகக் கவனிக்காமல் மணிக்கட்டை மட்டும் சரிசெய்தால் பாதி வலி அப்படியே நிற்கும். முடக்குவாதத்தில் அந்தத் தலை மேலே துருத்தி, சுண்டுவிரலையும் மோதிர விரலையும் நிமிர்த்தும் தசைநாண்களை அறுத்துவிடும். திடீரென்று சுண்டுவிரல் நிமிர மறுத்தால் மூட்டு அறுவைக்கான வரிசையில் காத்திருக்காதீர்கள். அடுத்தடுத்த விரல்களும் போகும் முன் சொல்லிவிடுங்கள்.

முடக்குவாத மருந்துகளில் மெதோட்ரெக்சேட்டைப் பொதுவாக நிறுத்துவதில்லை. நோயெதிர்ப்பை அடக்கும் பயாலஜிக் ஊசிகளை, அடுத்த டோஸ் வரவேண்டிய வேளையில் அறுவை அமையும்படி தள்ளிவைப்பது வழக்கம். மூட்டுவாத மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டியது இது. முழு மயக்கம் என்றால் கழுத்து எலும்பை முன்னும் பின்னும் சாய்த்து எக்ஸ்ரே எடுத்திருக்க வேண்டும். பல வருட முடக்குவாதத்தில் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் தளர்ந்திருக்கக்கூடும்.

பின்னால்

முதல் நாளிலிருந்தே விரல்கள் முழுதாக மடங்கி நிமிர வேண்டும், கை இதயத்துக்கு மேலே இருக்க வேண்டும். விரல் இறுகிப்போனால் மணிக்கட்டில் கிடைத்த 60 டிகிரியால் பயனில்லை. முதல் வரிசை எடுத்தவர்களுக்கு மூன்று நான்கு வாரம் மாவுக்கட்டு, ஒட்டல்களுக்கு ஆறு முதல் எட்டு வாரம், செயற்கை மூட்டுக்குச் சுமார் இரண்டு வாரத்திலேயே மெல்ல அசைவு. செயற்கை மூட்டில் பிசியோதெரபிஸ்ட் உங்கள் கையைப் பிடித்து வலிந்து வளைத்தால் நிறுத்தச் சொல்லுங்கள். 35 டிகிரி உங்கள் சொந்தப் பலத்தில் வந்தால் போதும், இழுத்து நீட்டிய மூட்டுறை பிறகு தளர்ந்து நழுவும். கட்டுக்குள் எரிச்சலான வலி நாளுக்கு நாள் கூடி, விரல்கள் பளபளவென்று வீங்கி, தொட்டாலே துடித்தால் அது சாதாரண அறுவை வலி இல்லை. அடுத்த சந்திப்பு வரை பொறுக்காமல் போய்க் காட்டுங்கள்.

செயற்கை மூட்டு வைத்தவர்கள் வலி இல்லாவிட்டாலும் வருடம் ஒருமுறை எக்ஸ்ரே எடுத்து, முந்தைய படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். கேப்பிடேட்டுக்குள் இறங்கிய முளையைச் சுற்றிக் கருப்புக் கோடு அகலமாகிக்கொண்டே போனால் எலும்பு கரைகிறது. அந்தக் கட்டத்தில் எடுத்தால் இடுப்பெலும்பிலிருந்து ஒரு துண்டு வைத்து மூட்டை இறுக்கிவிடலாம். வலி வரும் வரை விட்டால், திருகு பிடிக்கவே கைப்பக்கத்தில் எலும்பு மிஞ்சியிருக்காது.